கண்டென்சர் மைக்கில் குரல் ஏன் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது?

வணக்கம். மும்பையில், சயானிலிருந்து பேசுகிறேன். போன வாரம் எதிர் வீட்டு மாமி புது மைக்கும் லேப்டாப்புமாக வந்து நின்றார். "பாரேன்ப்பா, தொண்டை கிழியப் பாடறேன், கேட்டா யாரோ அடுத்த தெருவுல பாடற மாதிரி இருக்கு!"

இந்த நிலைமையில் நாம் எல்லோரும் முதலில் செய்வது, எடிட்டிங்கில் வால்யூமை ஏற்றுவது. ஏற்றாதீர்கள். குரலோடு ஃபேன் சத்தமும் தாதர் போகிற லோக்கல் சத்தமும் சேர்ந்தே ஏறும். குரல் எந்த இடத்தில் தேய்கிறது என்று மைக்கிலிருந்து தேடிக்கொண்டு வருவோம்.

(மைக் நெருக்கத்தில்)

கண்டென்சர் மைக்குக்குள் மெல்லிய சவ்வு ஒன்று, அதன் பின்னால் ஓர் உலோகத் தட்டு. குரல் பட்டால் சவ்வு அசையும், இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மாறும். அதில் பிறக்கும் சிக்னல் ரொம்பச் சன்னம். அதை வெளியே அனுப்ப உள்ளேயே ஒரு குட்டி சர்க்யூட் இருக்கிறது, அதற்கு மின்சாரம் வேண்டும். அதுதான் 48 வோல்ட் ஃபாண்டம் பவர். ஆடியோ இன்டர்ஃபேஸில், அதாவது மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டியில், 48 என்று எழுதிய பட்டன். கெயினை, அதாவது மைக் சிக்னலைப் பெருக்கும் திருகை, குறைத்துவிட்டு 48-ஐ அழுத்துங்கள், சில நொடி பொறுங்கள். யூஎஸ்பி மைக் என்றால் இந்த வேலையே இல்லை.

மாமியின் மைக்கோடு வந்த வயரின் ஒரு முனையில் எக்ஸ்எல்ஆர் என்கிற உருண்டையான மைக் பிளக், மறுமுனையில் ஹெட்ஃபோன் பின். லேப்டாப் ஓட்டையில் கிடைப்பது சில வோல்ட்தான். மைக் சாகாது, அரைப் பட்டினியில் முனகும். கோளாறு அங்கேதான்.

48 எரிந்தும் சத்தம் இல்லையா? மைக்கைத் திருப்பிப் பாருங்கள். பெரிய கண்டென்சர்களில் பெரும்பாலானவை நுனியில் கேட்காது, பக்கவாட்டில் கேட்கும், அதுவும் ஒரு பக்கம்தான். நான் மூன்று சாயங்காலம் முதுகுப் பக்கம் பேசிப் பதிவு செய்தவன், வெளியே சொல்லவில்லை. இரண்டு பக்கமும் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

அடுத்து தூரம். கட்டைவிரல் மைக்கில், சுண்டுவிரல் உதட்டில்: ஒரு சாண். தூரம் இரட்டித்தால் சுமார் 6 டெசிபல் போய்விடும். பாடுகிற அதே சத்தத்தில் பாடிக்கொண்டே கெயினைத் திருகுங்கள். உச்சத்தில் பதிவு மென்பொருளின் மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கம் வந்தால் போதும், சிவப்பு வேண்டாம்.

மைக்கில் மைனஸ் 10 என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருந்தால், அது மேளம் மாதிரி பெரிய சத்தத்தைக் குறைக்க. அணைத்து வையுங்கள். விண்டோஸில் இன்புட் அளவையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். வயர் மேல் சந்தேகமா, வேறொன்று மாற்றிப் பாருங்கள். லாமிங்டன் ரோட்டில் கிடைக்காத வயர் இல்லை.

சரி, மாமி கதை. அவருடைய மைக்கை என் இன்டர்ஃபேஸில் செருகி 48-ஐ அழுத்தினேன். "ஹலோ" என்றார், மீட்டர் சிவப்பில் போய் இடித்தது. கெயினைக் குறைத்துப் பாடச் சொன்னேன். குரல் கணீர் என்று விழுந்தது. கூடவே எங்கள் வீட்டுக் குக்கரின் மூன்று விசிலும். இப்போது மாமி மத்தியானம் இரண்டரைக்குத்தான் பதிவு செய்கிறார்.