கொன்றைக் கன்றும் கவாத்துக் கத்தரியும்

நேயர்களுக்கு வணக்கம். சித்திரை வெயிலில் எங்காவது ஒரு சரக்கொன்றை மஞ்சள் சரமாகத் தொங்குவதைப் பார்த்துவிட்டால் போதும், அடுத்த வாரமே நர்சரியில் நின்று கன்று விலை கேட்கிறோம். நானும் அப்படித்தான் வாங்கினேன். அதை எப்படிக் கெடுத்தேன் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

ஆறடி உயரம், விரல் கனம். காற்றில் ஆடியது. ஆடவே கூடாதென்று ஒரு சவுக்குக் கம்பை ஊன்றி, நைலான் கயிற்றால் மூன்று இடத்தில் இறுக்கிக் கட்டினேன். அடியிலிருந்த சின்னப் பக்கக் கிளைகளை எல்லாம் வழித்தெடுத்தேன். பார்க்க லட்சணமாகக் குடை மாதிரி இருந்தது. இரண்டு வருஷம் கழித்து ஒரு ஐப்பசிக் காற்றில், மேல் கட்டு இருந்த இடத்தில் சரியாக முறிந்து விழுந்தது. கயிறு பட்டைக்குள் புதைந்திருந்தது. அதற்கு மேலே மரம் வீங்கியிருக்க, கீழே ஒல்லி. இலை சமைத்த உணவு பட்டை வழியாகத்தான் கீழே இறங்கும். அந்த வழியைத்தான் நான் நெரித்திருக்கிறேன்.

கன்று கொஞ்சம் ஆட வேண்டும். ஆடினால்தான் அடிமரம் தடிக்கும், வேர் பிடிக்கும். கம்பு தேவைப்பட்டால் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று ஊன்றி, பழைய வேட்டிக் கிழிசலை எட்டு எண் வடிவில் வளைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். ஒரு வருஷத்தில் எடுத்துவிடுங்கள்.

நான் வழித்துப் போட்ட அடிக்கிளைகள் இருக்கின்றனவே, அடிமரத்துக்குச் சோறு போடுகிறவை அவைதான். நுனியை மட்டும் கிள்ளி அடக்கி வைத்தால் போதும். மரம் தடிக்கத் தடிக்க, கீழிருந்து வருஷத்துக்கு இரண்டு மூன்றாக எடுக்கலாம். ஒரே வருஷத்தில் மொத்தத் தழையில் கால் பங்குக்கு மேல் கை வைக்க வேண்டாம்.

உடனே செய்ய வேண்டிய வெட்டு ஒன்று உண்டு. உச்சியில் இரண்டு குருத்து போட்டி போட்டுக்கொண்டு கவட்டையாக மேலே போகும். அந்தக் கவட்டை குறுகலாக இருந்தால் நடுவில் பட்டை மாட்டிக்கொள்ளும், ஒட்டு பிடிக்காது. பெரிய மரமான பிறகு புயலில் பிளப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். விரல் கனத்திலேயே ஒன்றை எடுத்துவிட்டால் ஒரு நிமிஷ வேலை.

கத்தரியை எங்கே வைப்பது? கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் ஒரு மோதிரம் போலப் புடைப்பு இருக்கும், தடவினால் தெரியும். அதை ஒட்டி, அதற்கு வெளியே வெட்ட வேண்டும். மழமழவென்று அடிமரத்தோடு சேர்த்து வழித்தால் புண் பெரிதாகும். ஆணி மாதிரி துண்டு விட்டால் அது அழுகும். அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஏராளமான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தவர். மரம் புண்ணை ஆற்றுவதில்லை, அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது என்று காட்டினார். அந்தப் புடைப்பைக் காயப்படுத்தாமல் விட்டால்தான் சுவர் சரியாக எழும்பும். தார், பெயின்ட் பூசுவதெல்லாம் நம் மனத்திருப்திக்குத்தான்.

பூக்கிற மரமானால் பூ ஓய்ந்த பின் ஆனியில், எப்படியும் அடைமழைக்கு முன்னால், கவாத்தை, அதாவது இந்தக் கிளை வெட்டும் வேலையை, முடித்துவிடுங்கள்.

தண்ணீரைத் தண்டின் மேல் ஊற்றாதீர்கள். வட்டப்பாத்தியைக் கன்று வளர வளர வெளியே தள்ளிக்கொண்டே போங்கள். அப்புறம், திடீரென்று ஒருநாள் இலையெல்லாம் காணாமல் போகலாம். பச்சைப் புழு தின்றிருக்கும். மருந்தடிக்க ஓடாதீர்கள், வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சியின் குழந்தைகள் அவை. கொன்றை மறுபடி தளிர்த்துவிடும்.

இப்போது வீட்டில் இருப்பது இரண்டாவது கன்று. கம்பை எடுத்து எட்டு மாதம் ஆகிறது, தானாக நிற்கிறது. பூ எப்போது என்று வீட்டில் தினமும் கேட்கிறார்கள். விதைக்கன்று, சில வருஷம் ஆகும் என்று நானும் தினமும் சொல்கிறேன். நன்றி, வணக்கம்.