ஹெல்மெட்டை வைத்துக் குண்டை மூடிய ஜேசன் டன்ஹம்

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஜேசன் டன்ஹம் பற்றிப் பேசலாம். நியூயார்க் மாநிலத்தில் சையோ என்ற சின்ன ஊர்க்காரர். 1981 நவம்பர் 10-ல் பிறந்தவர். அவர் வேலை பார்த்த அமெரிக்க மரைன் படை (கடலிலிருந்து இறங்கித் தரையிலும் போரிடும் படை) தன் பிறந்தநாளாகக் கேக் வெட்டிக் கொண்டாடுவதும் அதே நவம்பர் 10-தான். பொருத்தத்தைப் பாருங்கள்!

2004-ல் ஈராக்கில், சிரியா எல்லையை ஒட்டிய ஹுசைபா பக்கம் இருந்தார். கார்ப்பரல், வயது 22. கையில் ஒரு குழுவின் பொறுப்பு. படையில் அவருடைய காலம் முடியப்போகிறது, ஊருக்குக் கிளம்பியிருக்கலாம். குழுவை விட்டுப் போக மனமில்லாமல் காலத்தை நீட்டித்துக்கொண்டார்.

இப்போது சொல்லப்போவதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். சம்பவத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பு முகாமில் ஒரு பேச்சு. காலடியில் கையெறி குண்டு விழுந்தால் என்ன செய்வது? ஹெல்மெட்டால் மூடினால் வெடிப்பு அடங்கும் என்று டன்ஹம் வாதாடினார். வெட்டி அரட்டை என்றுதான் நாமாக இருந்தால் நினைத்திருப்போம்.

ஏப்ரல் 14. வண்டிகளை நிறுத்திச் சோதனை போடுகிறார்கள். ஒரு வண்டியிலிருந்து ஒருவன் பாய்ந்து டன்ஹமின் கழுத்தைப் பிடிக்கிறான். தரையில் கட்டிப் புரள்கிறார்கள். உதவிக்கு இரண்டு வீரர்கள் ஓடி வருகிறார்கள். "அவன் கையைப் பாருங்கள்!" என்று கத்துகிறார் டன்ஹம். குண்டு விழுந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி அதன்மேல் கவிழ்த்து, தானும் மேலே விழுந்தார்.

ஹெல்மெட் துண்டு துண்டாகச் சிதறியது. ஓடி வந்த இருவரும் காயத்தோடு பிழைத்தார்கள். டன்ஹமின் தலையில் குண்டுச் சில்லுகள். அந்தக் கண நேரத்தில் யோசிக்க எங்கே நேரம்? அவர் முன்னமே யோசித்து வைத்திருந்தார் என்றுதான் எனக்குப் படுகிறது.

எட்டாம் நாள், ஏப்ரல் 22, மேரிலாந்தில் பெதஸ்டா கடற்படை மருத்துவமனையில், அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் இருக்க, உயிர் பிரிந்தது.

2007 ஜனவரி 11 அன்று வெள்ளை மாளிகையில் அதிபர் புஷ், அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானரைப் பெற்றோரிடம் கொடுத்தார். ஈராக் போரில் அந்த விருது பெற்ற முதல் மரைன் இவர்தான். அப்புறம் அவர் பெயரில் ஒரு போர்க்கப்பலும் வந்தது. 2009-ல் மெய்ன் மாநிலத்துக் கப்பல் கட்டும் தளத்தில் அதற்குப் பெயர் சூட்டியவர் அவருடைய அம்மா.