ரிபிள்ஹெட் வழியாகப் போகும் ரயில்

நேயர்களுக்கு என் பணிவான வணக்கம்.

இருப்புப்பாதை ஆய்வாளராக, ரயில்வேயில் எல்லோரும் சொல்லும் பெயரில் சொன்னால் பி.டபிள்யூ.ஐ.யாக, 33 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் மனைவி பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் மகள் இங்கிலாந்தின் வடக்கே லீட்ஸ் நகரில் குடியிருப்பதால், மூன்று கோடைக்காலங்கள் அவள் வீட்டில் தங்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. மகளும் மருமகனும் வேலைக்குப் புறப்பட்டுப் போன பிறகு நான்கு சுவர்களுக்குள் அடைந்து கிடப்பானேன் என்று, நாங்கள் இருவரும் ஒரு பையில் எலுமிச்சை சாதமும் ஒரு பிளாஸ்கில் காப்பியுமாக ரயிலேறத் தொடங்கினோம். அந்தப் பயணங்களில் நாங்கள் பார்த்த பாதைகளைப் பற்றியும், அவற்றைப் போட்டவர்கள், பிற்காலத்தில் அவை அழியாமல் காத்தவர்கள் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதல் பயணம் லீட்ஸிலிருந்து கார்லைல் நோக்கி. ஸ்கிப்டன், செட்டில் ஆகிய ஊர்களைக் கடந்ததும் வண்டி மலையேறத் தொடங்குகிறது. கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வேலிகள், வேலிக்குள் செம்மறியாடுகள், அதற்கு மேல் மரமே இல்லாத புல் மேடுகள். என்னைப் போன்ற ஒருவனுக்கு, இயந்திரத்தின் ஓசையைக் கேட்டாலே ஏற்றம் எவ்வளவு என்று ஓரளவு தெரிந்துவிடும். இந்த ஏற்றம் விடாமல் பல மைல் தூரம் நீள்வதை உணர்ந்தபோது, இதை மண்வெட்டியாலும் கடப்பாரையாலும் வெட்டியவர்கள் யார் என்ற கேள்விதான் முதலில் எழுந்தது. ஒன்றே கால் மணி நேரத்தில் ரிபிள்ஹெட் என்னும் சிறிய நிலையத்தில் இறங்கினோம். நடைமேடையிலிருந்து வெளியே வந்து சற்றுத் தூரம் நடந்தால், பள்ளத்தாக்கின் குறுக்கே அந்தப் பாலம் நிற்கிறது: 24 வளைவுகள், ஏறத்தாழ 400 மீட்டர் நீளம், 30 மீட்டருக்கும் சற்று அதிகமான உயரம்.

வண்டிகள் அதன்மேல் போவதைப் பார்க்க வந்தவர்கள் பலர் கேமராவோடு காத்திருந்தார்கள். நான் தூண்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ஆறாவது தூணும் மற்றவற்றைவிடத் தடிமனாகக் கட்டப்பட்டிருக்கிறது. ஏதாவது ஒரு வளைவு இடிந்தாலும் அந்தச் சரிவு அடுத்தடுத்த வளைவுகளையும் இழுத்துக்கொண்டு போய்விடாமல், தடித்த தூணோடு நின்றுவிட வேண்டும் என்பதுதான் அதன் காரணம். இந்தத் தூண்கள் கம்பளி மூட்டைகளின்மேல் நிற்கின்றன என்று அந்த ஊரில் ஒரு பழங்கதை உண்டு. உண்மையில் சேற்றையும் களிமண்ணையும் தோண்டி, அடியிலுள்ள பாறையைத் தொட்ட பிறகே கல் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒரு சரக்கு வண்டி மிக மெதுவாகப் பாலத்தைக் கடந்தது. என் மனைவி என் முழங்கையைத் தொட்டு, "என்னங்க, இத்தனை பேர் வேலை செஞ்ச இடத்துல ஒரு வீடுகூட இல்லையே?" என்றார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. 1870களின் தொடக்கத்தில் இந்த வெற்று நிலத்தில் தற்காலிகக் குடிசை ஊர்கள் இருந்தன. அந்த ஊர்களுக்கு செபஸ்டபோல், இன்கர்மன், ஜெரிக்கோ, ஜெருசலேம் என்றெல்லாம் பெயர் வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம், கடைகள், மருத்துவமனை எல்லாம் அங்கே இருந்தன. குடும்பத்தோடு வந்து தங்கிய தொழிலாளர்களைப் பெரியம்மை தாக்கியது. வெடிவைப்பிலும் மண் சரிவிலும் பலர் இறந்தார்கள். பாலத்தை அடுத்து வரும் ப்ளே மூர் சுரங்கம் மட்டுமே ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் நீளம். அதை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குடைந்தார்கள். இன்று அந்தக் குடிசைகளின் அடையாளமாகப் புல்லுக்கடியில் சில மேடு பள்ளங்கள் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன.

அங்கிருந்து சேப்பல்-லே-டேல் என்ற குக்கிராமத்துக்கு நடந்தே போனோம். அங்குள்ள சிறிய தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அந்தத் தொழிலாளர்களும் அவர்களுடைய மனைவியரும் குழந்தைகளும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். ஏறத்தாழ 200 பேர். இருந்த இடம் போதாமல், ரயில் கம்பெனியின் செலவில் கல்லறைத் தோட்டத்தையே விரிவுபடுத்த வேண்டியிருந்தது. தேவாலயத்துக்குள் சுவரில் ஒரு சலவைக்கல் பதித்திருக்கிறார்கள். செட்டிலுக்கும் டென்ட் ஹெட்டுக்கும் இடையே பாதை போடும் வேலையில் விபத்துகளில் உயிரிழந்தவர்களின் நினைவாக, உடன் வேலை செய்தவர்களும் மிட்லண்ட் ரயில்வே கம்பெனியும் சேர்ந்து தந்த பணத்தில் வைத்த கல் அது. உடன் வேலை செய்தவர்களின் பெயரை முதலில் எழுதி, கம்பெனியின் பெயரை அடுத்து எழுதியிருந்த அந்த வரிசையை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். என் பணிக்காலத்தில் தண்டவாளத்தில் அடிபட்டு இறந்த இரண்டு கேங்மேன்களின் வீடுகளுக்குச் செய்தி சொல்லப் போனவன் நான். ஒரு பாதையில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வரையில், அதைப் போட்டவர்களின் உழைப்பு வீணாகவில்லை என்றே நான் நம்புகிறேன்.

பயணம் செய்ய விரும்பும் மூத்தவர்களுக்கு ஓரிரு செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 60 வயது நிறைந்தவர்கள் அங்கே மூத்தோர் ரயில் அட்டை ஒன்றைப் பணம் கட்டி வாங்கிக்கொண்டால், பெரும்பாலான பயணச்சீட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது; வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் கடவுச்சீட்டைக் காட்டி இதை வாங்கலாம். காலை நெரிசல் கழிந்து புறப்பட்டால் கட்டணம் இன்னும் குறையும். நீண்ட தூர வண்டிகளுக்குப் பல வாரங்கள் முன்பே சீட்டு எடுப்பவர்களுக்கும் நிலையத்தில் போய் எடுப்பவர்களுக்கும் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவைத்தால், ஏற்றி இறக்க நிலையத்தில் ஆள் வந்து உதவுவார். இதற்குக் கட்டணம் இல்லை. எல்லாம் ஒழுங்காகவே நடக்கும் என்றும் சொல்ல மாட்டேன். ஒரு சனிக்கிழமை மாலை நாங்கள் காத்திருந்த கடைசிக்கு முந்தைய வண்டியை, அதை நடத்தும் நிறுவனம் அறிவிப்பே இல்லாமல் ரத்து செய்துவிட்டது. மாற்றுப் பேருந்து வரும் வரை இரண்டு மணி நேரம் குளிரில் நின்றோம். நாங்கள் ஏற நினைக்கும் வண்டி வராமல் போனாலும் அதன்பின் இன்னொரு வண்டி இருக்கும்படி திட்டமிடுவது அதற்குப் பிறகு எங்கள் வழக்கமாயிற்று.

இரண்டாவது கோடையில் ஸ்காட்லாந்துக்குப் போனோம். எடின்பரோவுக்கு வடக்கே ஃபோர்த் கடற்கழியைக் கடக்கும் எஃகுப் பாலத்தைப் படங்களில் பார்க்காத ரயில்வேக்காரர் இருக்க முடியாது. 1890ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்தப் பாலம் ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் நீளம். 50,000 டன்னுக்கும் அதிகமான எஃகு, 65 லட்சம் ரிவெட்டுகள். அது ஏன் இவ்வளவு பருத்த உடலோடு நிற்கிறது என்பதை அறிய, 11 ஆண்டுகள் பின்னே போக வேண்டும். 1879 டிசம்பர் 28ஆம் தேதி இரவு, சற்று வடக்கேயுள்ள டே ஆற்றுப் பாலம் புயலில் சரிந்து, அதன்மேல் போய்க்கொண்டிருந்த வண்டி ஆற்றில் விழுந்தது. வண்டியில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. அதைக் கட்டிய தாமஸ் பௌச் என்பவரே ஃபோர்த் பாலத்துக்கும் வரைபடம் தந்திருந்தார். அந்த வரைபடம் கைவிடப்பட்டது. அடுத்து வந்த ஜான் ஃபவ்லரும் பெஞ்சமின் பேக்கரும், எந்தக் காற்றுக்கும் அசையாது என்று பார்ப்பவர் கண்ணுக்கே தெரியும்படி ஒரு பாலத்தை அமைத்தார்கள். அதைக் கட்டும்போது இறந்தவர்கள் 57 பேர் என்றுதான் நீண்ட காலம் சொல்லிவந்தார்கள். பிற்காலத்தில் உள்ளூர் மக்கள் பழைய பதிவேடுகளைத் தேடி, குறைந்தது 73 பேர் என்று கண்டறிந்தார்கள். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் விடுபட்ட பெயர்களைத் தேடிச் சேர்த்த அந்த முயற்சியை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அங்கிருந்து கிளாஸ்கோ போய், மேற்கு மலைநாட்டுப் பாதையில் ஃபோர்ட் வில்லியம் நோக்கிப் பயணம் செய்தோம். 1894இல் திறந்த பாதை அது. நடுவழியில் ரானக் மூர் என்னும் மாபெரும் சதுப்பு நிலம் வருகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை பழுப்பு நிறப் புல்லும் கறுப்புத் தண்ணீரும்தான். பாறையைத் தேடித் தோண்டினால் அடியே அகப்படாத அந்தச் சேற்றில், சுள்ளிகளையும் மரவேர்களையும் கட்டுக்கட்டாகப் பரப்பி, அதன்மேல் டன் கணக்கில் மண்ணையும் சாம்பலையும் கொட்டி, மிதவை போன்ற ஒரு படுகையை உண்டாக்கி, அதன்மேல் தண்டவாளம் போட்டார்கள். வண்டி அந்த இடத்தைக் கடக்கும்போது காலடியில் ஒரு மென்மையை நான் உணர்ந்தேன். என் மனைவிக்கு அது தெரியவில்லை. அவர் சன்னலுக்கு வெளியே மான் கூட்டம் ஒன்றைக் கண்டு அதிலேயே ஆழ்ந்திருந்தார். ரானக் நிலையத்தின் நடைமேடையில் ஒரு பெரிய கல் இருக்கிறது. பாதை போடப் பணம் தீர்ந்துபோனபோது தன் சொந்தப் பணத்தைத் தந்து வேலையை முடிக்கச் செய்த ரென்டன் என்ற ரயில் கம்பெனி இயக்குநரின் முகத்தைத் தொழிலாளர்களே அந்தக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். அடுத்த நிலையமான கோரூருக்குப் பொதுச் சாலையே கிடையாது. நடந்து போகாதவர்கள் வண்டியில்தான் போக முடியும், வண்டியில்தான் திரும்ப முடியும். கடல்மட்டத்திலிருந்து 408 மீட்டர் உயரத்தில் உள்ள அந்த இடத்தில் இறங்கி, நடைமேடைப் பலகையில் அமர்ந்து, எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டோம். காற்றின் ஓசையைத் தவிர வேறு ஓசை இல்லை.

மூன்றாவது கோடையின் கடைசி வாரத்தில், எங்கே போகலாம் என்று மகள் கேட்டபோது, இருவரும் ஒரே நேரத்தில் ரிபிள்ஹெட் பாதையின் பெயரைச் சொன்னோம். இந்த முறை பாலத்தையும் சுரங்கத்தையும் தாண்டி, கார்ஸ்டேல் நிலையத்தில் இறங்கினோம்.

இந்தப் பாதையின் வரலாற்றை இங்கேதான் முழுமையாகச் சொல்ல வேண்டும். மிட்லண்ட் ரயில்வே கம்பெனி, ஸ்காட்லாந்துக்குத் தனக்கென்று ஒரு வழி வேண்டும் என்று 1866இல் நாடாளுமன்றத்தில் அனுமதி வாங்கியது. செலவை எண்ணிப் பார்த்த பிறகு வேண்டாம் என்று பின்வாங்க முயன்றது; நாடாளுமன்றம் அதற்கு ஒப்பவில்லை, 1869இல் வேலையைத் தொடங்க வேண்டியதாயிற்று. 1876இல் பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியது. ஒரு நூற்றாண்டு கடந்து, 1980களின் தொடக்கத்தில், ரிபிள்ஹெட் பாலத்தைப் பழுதுபார்க்கப் பணமில்லை என்று காரணம் காட்டி, பிரிட்டிஷ் ரயில்வே நிர்வாகம் இந்தப் பாதையை மூடப்போவதாக அறிவித்தது. அதற்கு முன்பே, 1970இல், வழியிலுள்ள சிறு நிலையங்களில் பெரும்பாலானவை மூடப்பட்டிருந்தன. பாதையைக் காக்க மக்கள் ஒரு நண்பர்கள் சங்கம் அமைத்தார்கள். ஊர் ஊராகப் போய் ஆட்சேபக் கடிதங்களைத் திரட்டினார்கள். மக்கள் வண்டியில் ஏறிப் பயணம் செய்தே இந்தப் பாதை தேவை என்பதைக் காட்டினார்கள். பயணிகளின் எண்ணிக்கை பல மடங்கு பெருகியது. மூடிக்கிடந்த எட்டு நிலையங்கள் 1986இல் மீண்டும் திறக்கப்பட்டன. ஆட்சேபங்கள் 32,000ஐ எட்டின. 1989 ஏப்ரலில் அரசு இறங்கிவந்து, பாதை மூடப்படாது என்று அறிவித்தது.

அந்த 32,000இல் ஒன்று, ஒரு நாயின் பாத அடையாளம். சங்கத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான கிரஹாம் நட்டல் என்பவரின் பார்டர் காலி இன நாய் அது, பெயர் ரஸ்வார்ப். அது எப்போதும் அவரோடு கட்டணம் செலுத்திப் பயணம் செய்ததால், அதுவும் ஒரு பயணிதான் என்று அதன் ஆட்சேபத்தை ஏற்றுக்கொண்டார்கள். பாதை காப்பாற்றப்பட்டு ஓராண்டுகூட ஆகவில்லை. 1990 ஜனவரியில் நட்டல் தன் நாயோடு வேல்ஸ் மலைகளில் நடக்கப் போனார், திரும்பவில்லை. ஏப்ரல் 7ஆம் தேதி ஒரு மலையோடையின் அருகே அவருடைய உடலைக் கண்டெடுத்தார்கள். பதினோரு வாரக் குளிரையும் மழையையும் தாங்கி, 14 வயதான அந்த நாய் அவரை விட்டு அகலாமல் பக்கத்திலேயே இருந்தது. நடக்க முடியாமல் மெலிந்துபோயிருந்த அதைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கினார்கள். நட்டலின் இறுதிச் சடங்கு வரை உயிரோடிருந்து, அதன்பின் சில நாள்களிலேயே அது இறந்துபோயிற்று.

கார்ஸ்டேல் நடைமேடையில் ரஸ்வார்புக்கு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். உயிருள்ள நாயின் அளவே உள்ள, எந்தப் படாடோபமும் இல்லாத சிலை. காலையில் பெய்த தூறலில் அதன் முதுகில் நீர்த்துளிகள் நின்றிருந்தன. பலருடைய கை பட்டுப் பட்டு அதன் தலை மற்ற இடங்களைவிடப் பளபளத்தது. நான் கதையைச் சொல்லி முடித்த பிறகும் என் மனைவி ஒன்றும் பேசவில்லை. கைக்குட்டையை எடுத்து, சிலையின் முதுகிலிருந்த ஈரத்தைத் துடைத்தார். பிறகு குனிந்து அதன் முன்னங்காலைச் சற்று நேரம் தொட்டுக்கொண்டிருந்தார். தெற்கே சுரங்கத்தின் பக்கம் போகும் எங்கள் வண்டி வளைவில் தலைகாட்டியது. பெட்டியில் ஏறியதும், எப்போதும் சன்னலோரம் அமரும் அவர், பாலம் வரும் பக்கத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

வணக்கம்.