நம்புகிறவர்கள் எத்தனை பேர்?

எல்லோருக்கும் வணக்கம். எனக்குக் கொடுத்த தலைப்பு, "அரசியல் பொய்களை மக்கள் ஏன் நம்புகிறார்கள்?" என்பது. அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. நிஜமாகவே நம்புகிறார்களா?

2017 ஜனவரியில் டொனால்டு டிரம்ப் பதவியேற்றார். இதுவரை எந்தப் பதவியேற்புக்கும் இவ்வளவு பேர் வந்ததில்லை என்று மறுநாளே வெள்ளை மாளிகையின் செய்தித் தொடர்பாளர் அடித்துச் சொன்னார். மேலிருந்து எடுத்த படங்களோ வேறு மாதிரி இருந்தன. 2009இல் ஒபாமா பதவியேற்றபோது விழாவுக்குக் கூட்டம் கூடும் திடல் நிரம்பி வழிந்தது. இந்த முறை இடையிடையே வெள்ளைத் தரை தெரிந்தது.

சில நாள்களில் இரண்டு ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "எதில் ஆட்கள் அதிகம்?" என்று மட்டும் கேட்டார்கள். எந்தப் படம் யாருடையது என்று சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகூட சரியாகக் கைகாட்டும். ஆனால் டிரம்புக்கு ஓட்டுப் போட்டவர்களில் 15 சதவீதம் பேர் காலியாக இருந்த படத்தைக் காட்டினார்கள். ஹிலாரி கிளிண்டனுக்குப் போட்டவர்களில் 2 சதவீதம், யாருக்கும் போடாதவர்களில் 3 சதவீதம்தான் அப்படிச் செய்தார்கள்.

அந்த 15 சதவீதத்தினருக்குக் கண்ணில் கோளாறா? இல்லை. படம் எது, கேள்வி எதற்கு என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. தலைவரை விட்டுக்கொடுக்க மனமில்லை, அவ்வளவுதான். அதைப் போய் நாம் அறியாமை என்று கணக்கெழுதிக்கொள்கிறோம்.

இது ஒரு கட்சிக்காரர்களுக்கு மட்டும் வருகிற வியாதி என்று சிரிக்க வேண்டாம். டிரம்பின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ரீகன் அதிபராக இருந்த காலத்தில் அமெரிக்காவில் பணவீக்கம் 13 சதவீதத்துக்கு மேலிருந்து 4 சதவீதம் அளவுக்கு இறங்கியது. 1988இல் கேட்டபோது, ஜனநாயகக் கட்சியின் தீவிர ஆதரவாளர்களில் பாதிக்கு மேற்பட்டோர், அது ஏறிவிட்டது என்று சொன்னார்கள். கடைக்குப் போகாதவர்களா அவர்கள்?

அப்புறம் இன்னொரு வகை ஆய்வு வந்தது. வேலையில்லாதோர் விகிதம், போரில் இறந்தவர்கள் எண்ணிக்கை போல விடை உறுதியாகத் தெரிந்த கேள்விகளைக் கேட்டார்கள். வழக்கம்போல இரண்டு கட்சிக்காரர்களும் இரண்டு விதமாகப் பதில் சொன்னார்கள். பிறகு, சரியான விடைக்குச் சின்னத் தொகை தருவோம் என்றார்கள். கட்சிகளுக்கு நடுவே இருந்த இடைவெளி பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது. "தெரியாது" என்று ஒப்புக்கொண்டாலும் கொஞ்சம் காசு உண்டு என்றதும் இன்னும் சுருங்கியது. சில்லறைக் காசுக்கே இறங்கிவரும் நம்பிக்கையை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

சாமானியர்களை விடுங்கள். 2020 தேர்தலில் மோசடி நடந்தது என்று ஊரெல்லாம் முழங்கினார் டிரம்பின் வழக்கறிஞர் ரூடி ஜூலியானி. அந்த நவம்பரில் பென்சில்வேனியாவில் ஒரு நீதிபதி முன்னால் நின்றபோது, "இது மோசடி வழக்கு அல்ல" என்று சொன்னதும் அவர்தான். வெளியே பேசினால் கைதட்டல். நீதிமன்றத்தில் ஆதாரம் கேட்பார்கள். அதே பொய்யை ஒளிபரப்பிய ஃபாக்ஸ் தொலைக்காட்சியின் தொகுப்பாளர்கள், தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட குறுஞ்செய்திகளில் அதைக் கேலி செய்திருந்தார்கள். வாக்குப்பதிவு இயந்திர நிறுவனம் போட்ட அவதூறு வழக்கில் அதெல்லாம் வெளியே வந்தது. 2023இல் ஃபாக்ஸ் நிறுவனம் 78.75 கோடி டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது.

ஆக, பலர் சும்மா சொல்கிறார்கள், கவலைப்பட ஒன்றுமில்லை என்று நான் முடித்துக்கொண்டால் அது தப்பு. சும்மா சொல்கிற கூட்டத்துக்கு நடுவே நிஜமாக நம்புகிற ஒருவரும் உட்கார்ந்திருப்பார். 2016 தேர்தல் சமயத்தில், வாஷிங்டனில் ஒரு பீட்சா உணவகத்தின் நிலவறையில் குழந்தைகளை அடைத்து வைத்திருக்கிறார்கள், அதற்குப் பின்னால் பெரிய அரசியல்வாதிகள் இருக்கிறார்கள் என்று கதை பரவியது. பகிர்ந்தவர்கள் ஏராளம். டிசம்பரில் வட கரோலினாவிலிருந்து ஓர் ஆள் துப்பாக்கியோடு காரில் கிளம்பி வந்தார். உள்ளே போனார், சுட்டார், தேடினார். குழந்தைகள் இல்லை. அந்தக் கட்டடத்தில் நிலவறையே இல்லை. வெளியே வந்து சரணடைந்தார். நான்கு ஆண்டு சிறை.

அவர் செய்தது குற்றம், சந்தேகமில்லை. ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். அடைபட்ட குழந்தைகள் இருப்பதாக நிஜமாகவே நம்பும் மனிதன் வேறு என்ன செய்வான்? பகிர்ந்துவிட்டுச் சாப்பிடப் போன மற்றவர்களை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்பீர்கள். புகையை மட்டும் தனியாக உற்பத்தி செய்ய முடியும். 1983 ஜூலையில் டெல்லியில் வெளிவந்த ஒரு நாளிதழில், எய்ட்ஸ் கிருமியை அமெரிக்க ராணுவம் ஆய்வகத்தில் தயாரித்தது என்று ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அமெரிக்க விஞ்ஞானியாம், பெயர் மட்டும் இல்லை. 1985இல் ஒரு சோவியத் வார இதழ் அதையே ஆதாரமாகக் காட்டிக் கட்டுரை போட்டது. அதைப் பார்த்து மற்றவர்கள் போட்டார்கள். சில ஆண்டுகளில் டஜன் கணக்கான நாடுகளைச் சுற்றி வந்துவிட்டது. கிளப்பிவிட்டது சோவியத் உளவுத்துறை என்பதை 1992இல் ரஷ்ய உளவுத்துறைத் தலைவர் பிரிமகோவே ஒப்புக்கொண்டார்.

அந்தக் கதையை நம்பிய கறுப்பின அமெரிக்கர்களை நான் முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்கு டஸ்கீகீ என்ற ஊரில் ஒன்று நடந்திருக்கிறது. 1932 தொடங்கி 40 ஆண்டுகள், அரசின் பொதுச் சுகாதாரத் துறை, மேகநோய் (சிஃபிலிஸ்) கண்ட கிட்டத்தட்ட 400 கறுப்பின ஆண்களுக்கு நோய் என்னவென்றே சொல்லாமல், பென்சிலின் வந்த பிறகும் அதைத் தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்த்தது. அதுவும் சதிதான், நிஜச் சதி.

அது எப்படி வெளியே வந்தது என்பதைக் கவனியுங்கள். பீட்டர் பக்ஸ்டன் அந்தத் துறையிலேயே வேலை பார்த்தவர். 1966இல் தன் பெயரிலேயே மேலிடத்துக்குப் புகார் எழுதினார். கூப்பிட்டு வைத்துத் திட்டி அனுப்பினார்கள். திரும்பவும் எழுதினார், பலனில்லை. கடைசியில் தன்னிடமிருந்த தகவல்களைச் செய்தியாளர்களிடம் கொடுத்தார். 1972 ஜூலையில் செய்தி வெளியானது, அந்த ஆண்டே ஆய்வு நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு செனட் குழு முன்னால் நேரில் உட்கார்ந்து சாட்சி சொன்னார். கேள்வி கேட்டவர்களுக்கு அவரிடம் பதில் இருந்தது. டெல்லிக் கடிதம் எழுதிய விஞ்ஞானியிடம் கேள்வி கேட்க யாருக்கும் விலாசம் கிடைக்கவில்லை.