"பால் பத்தலை" என்று சொல்வதற்கு முன்

(சமுதாய வளைகாப்பு விழா ஒன்றில், ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கை நிறைய வளையலும் கன்னத்தில் சந்தனமுமாக உட்கார்ந்திருக்கும் மகள்களே, கூட வந்திருக்கும் அம்மாக்களே, மாமியார்களே, பந்தலுக்கு வெளியே நிற்கும் தம்பிமார்களே, எல்லோருக்கும் வணக்கம். தம்பிகள் கொஞ்சம் உள்ளே வாருங்கள். இன்றைக்குப் பேசப்போவதில் பாதி உங்களுக்கானது.

கர்ப்பிணிகள் என்ன சாப்பிட வேண்டும், எப்போது ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் உங்கள் ஊர் நர்ஸ் அட்டையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். நான் குழந்தை பிறந்தபிறகு வரும் முதல் வாரத்தைப் பற்றிப் பேசுகிறேன். அந்த வாரத்தில், அநேகமாக எல்லா வீட்டிலும், யாராவது ஒருவர் ஒரு வார்த்தை சொல்வார்: "பால் பத்தலை." பிள்ளை பெற்ற இரண்டாம் நாளே சொல்வார்கள். அக்கறையில்தான் சொல்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வீடு வீடாகப் போய் வந்த வருஷங்களில், ஒரு குழந்தையின் சாப்பாட்டை இந்த அளவுக்குக் கெடுத்த வேறு வார்த்தையை நான் கேட்டதில்லை.

சரி, முதல் நாள் பால் எவ்வளவு வரும்? கொஞ்சம்தான். மஞ்சளாக, பிசுபிசுப்பாக, சொட்டுச் சொட்டாக வரும். அதுதான் சீம்பால். பிறந்த குழந்தையின் வயிறு அன்றைக்கு ஒரு வேளைக்குத் தாங்குவது 5 முதல் 7 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டியளவு. வயிறு அவ்வளவு, பாலும் அவ்வளவு. இதில் எங்கே பத்தாமல் போயிற்று? அந்தச் சொட்டில்தான் நோய் எதிர்ப்புச் சத்து அடர்த்தியாக இருக்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் அதைக் கொடுக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதைப் பீய்ச்சிக் கீழே விடும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

நஞ்சுக்கொடி வெளியே வந்தபிறகுதான் உடம்பு பால் சுரப்பைப் பெருக்கத் தொடங்குகிறது. அதற்கு இரண்டு, மூன்று நாள் பிடிக்கும். முதல் பிரசவம் என்றாலோ, சிசேரியன் என்றாலோ நாலாம் நாள்கூட ஆகலாம். அதற்குள் குழந்தையின் எடை கொஞ்சம் குறையும். மூன்று கிலோவில் பிறந்த பிள்ளை 2 கிலோ 800-க்கு இறங்கினால் வீடே பதறிவிடுகிறது. பிறந்த எடையில் நூற்றுக்கு ஏழு பங்கு வரை குறைவது வழக்கமாக நடப்பதுதான். பத்துப் பங்கைத் தொட்டால் டாக்டர் பார்க்க வேண்டும். பத்து, பதினாலு நாளில் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும்.

இந்த இரண்டு மூன்று நாள் இடைவெளியில்தான் புட்டி வீட்டுக்குள் வருகிறது. ஒரு வேளைதானே என்று பவுடர் கரைத்துக் கொடுப்பார்கள். வயிறு நிறைந்த குழந்தை நீண்ட நேரம் தூங்கும். "பாருங்க, பசியிலதான் அழுதிருக்கு" என்பார்கள். தூங்கும் நேரமெல்லாம் அது மார்பில் சப்பாத நேரம். இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. குழந்தை சப்பச் சப்ப மூளையிலிருந்து புரோலாக்டின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, அதுதான் பாலை உண்டாக்குகிறது. சப்புவது குறைந்தால் அதுவும் குறையும், அடுத்த வேளைப் பாலும் குறையும். இப்படியே ஒரு வாரம் போனால் பால் நிஜமாகவே பத்தாது. முதல் நாள் பொய்யாக இருந்த வார்த்தை பத்தாம் நாள் மெய்யாகிவிடும்.

இன்னொரு ஹார்மோன் ஆக்ஸிடோசின். உண்டான பாலை வெளியே தள்ளுவது இதுதான். குழந்தையின் அழுகையைக் கேட்டாலே சில தாய்மார்களுக்குப் பால் சொட்டும், பார்த்திருப்பீர்கள். ஆனால் வலி, பயம், வெட்கம், கவலை எல்லாம் இதைத் தற்காலிகமாக நிறுத்திவிடும். கட்டிலைச் சுற்றி நாலு பேர் நின்று "உனக்குப் பாலே இல்லையே" என்று சொன்னால், மார்பில் பால் இருந்தும் இறங்காது. மாமியார்களுக்கு நான் கும்பிட்டுக் கேட்பது இதைத்தான். அந்த நேரத்தில் அறையில் கூட்டத்தைக் குறையுங்கள், ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வையுங்கள், "இறங்கும், போடும்மா" என்று சொல்லுங்கள்.

அப்படியானால் பால் போதுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அழுகையை வைத்துச் சொல்ல முடியாது. குழந்தை தூக்கத்துக்கு அழும், ஈரத்துக்கு அழும், சும்மா தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்லியும் அழும். மாலை நேர அழுகை ஆறாவது வாரம் வரை கூடிக்கொண்டே போய், பிறகு தானாகக் குறையும். மார்பு தளர்ந்திருப்பதை வைத்தும் சொல்ல முடியாது. பார்க்க வேண்டியவை இரண்டுதான். ஒன்று மூத்திரம். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு தடவைக்குக் குறையாமல், வெளிர் நிறத்தில் போக வேண்டும். மற்றது எடை. முதல் மாதங்களில் மாதத்துக்கு அரைக் கிலோவாவது ஏற வேண்டும். அங்கன்வாடியிலோ சுகாதார நிலையத்திலோ நிறுத்துப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் பால் போதுகிறது. பக்கத்து வீட்டம்மா என்ன சொன்னாலும் போதுகிறது.

இரண்டு மூன்று வாரத்திலும், ஆறாவது வாரத்திலும், மூன்றாவது மாதத்திலும் குழந்தை திடீரென்று அரை மணிக்கொரு தரம் பால் கேட்கும். வளர்ச்சி வேகம் எடுக்கிற சமயம் அது. சுரப்பைக் கூட்டிக்கொள்ள அது செய்கிற வேலை. இரண்டு நாள் பொறுத்துப் போட்டுக்கொண்டே இருந்தால் அடங்கிவிடும். அந்த இரண்டு நாளில்தான் நிறைய வீட்டில் மறுபடி டப்பா திறக்கிறது.

இப்போது போடும் முறை. பலர் குழந்தையின் வாயில் காம்பை மட்டும் கொடுக்கிறார்கள். அப்படிச் சப்பினால் காம்பு வெடிக்கும், பாலும் வராது. குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும், தலையும் முதுகும் ஒரே நேராக இருக்கட்டும். காம்பால் மேலுதட்டைத் தொட்டால் வாயைப் பெரிதாகத் திறக்கும். அந்த நொடியில் குழந்தையை மார்பை நோக்கிக் கொண்டுவாருங்கள். நீங்கள் குனிந்து மார்பைக் கொண்டுபோகாதீர்கள், முதுகு போய்விடும். காம்பைச் சுற்றியிருக்கும் கருவட்டத்தில் பெரும்பகுதி வாய்க்குள் இருக்க வேண்டும், முக்கியமாகக் கீழ்ப்பக்கம். தாடை மார்பைத் தொட வேண்டும், கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்க வேண்டும். சரியாகப் பிடித்தால் வலிக்காது. முதல் சில இழுப்புக்குப் பிறகும் வலித்தால், சுண்டு விரலை வாயோரத்தில் விட்டு எடுத்து, மறுபடி வையுங்கள். எத்தனை தடவை ஆனாலும் பரவாயில்லை.

சிசேரியன் ஆனவர்களுக்கும் இதேதான். நம் தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 சிசேரியன் என்று 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. எனவே இதை ஓரமாக வைத்துப் பேச முடியாது. முதுகில் ஊசி போட்டுச் செய்யும் ஆபரேஷனில் தாய் விழித்திருப்பார். தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தால் முதல் மணி நேரத்திலேயே போடலாம். தையல் வலிக்கும் என்றால் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு போடுங்கள், இல்லாவிட்டால் குழந்தையை அக்குள் பக்கமாக வைத்து, கால்கள் உங்கள் முதுகுப் பக்கம் போகிற மாதிரி பிடித்துக்கொள்ளுங்கள். எழுந்து உட்கார வைப்பது, பிள்ளையை எடுத்துக் கையில் கொடுப்பது கூட இருப்பவர் வேலை. இதைப் பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவையுங்கள்: "ஆபரேஷன் ஆனாலும் சீக்கிரம் பால் போட வேண்டும், உதவி செய்யுங்கள்."

தாய்க்கு என்ன கொடுப்பது என்பதில் நம் வீடுகளில் இரண்டு கட்சி உண்டு. பூண்டும் சுறாப்புட்டும் முருங்கைக்கீரையும் சமைத்துப் போடுகிற கட்சி ஒன்று. அது நல்ல கட்சி, நன்றாகச் செய்யுங்கள். பால் ஊறுவது பிள்ளை சப்புவதால்தான் என்றாலும், அந்தச் சாப்பாட்டில் புரதம் இருக்கிறது, இரும்புச்சத்து இருக்கிறது, மருமகளைக் கவனிக்கிறோம் என்ற அன்பு இருக்கிறது. இன்னொன்று பத்தியக் கட்சி. தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும், கீரை தின்றால் பிள்ளைக்கு வயிறு போகும், பழம் சளி பிடிக்கும் என்று, ரத்தம் போய்க் களைத்திருக்கும் பெண்ணை ரசம் சாதத்தில் நிறுத்திவைப்பது. பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கத்தைவிட ஒரு வேளைச் சாப்பாடு கூடவே வேண்டும், தாகத்துக்குத் தண்ணீர் வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய்க்கு அரசு கொடுக்கிறதே, அது தாயின் தட்டுக்காக வருகிறது. தம்பிகளே, அந்தப் பணத்தை வண்டித் தவணைக்குக் கட்டாதீர்கள்.

இரும்புச்சத்து மாத்திரையை இப்போதிருந்தே ஒழுங்காகப் போடுங்கள். கர்ப்ப காலத்தில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அப்படியே பிரசவத்துக்குப் போகிறவருக்குப் பிறகு பிள்ளையைத் தூக்கவே தெம்பு இருக்காது. டீ, காபியோடு போடாதீர்கள். கால்சியம் மாத்திரையோடும் சேர்க்காமல் இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறவர்கள் நிறைய. அது மாத்திரையின் நிறம்தான்.

அப்புறம், குழந்தையின் வாய்க்குள் போகிற மற்ற பொருட்கள். பிறந்தவுடன் சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப் பால், வசம்பு, கிரைப் வாட்டர். ஆறு மாதம் முடியும்வரை இதில் ஒன்றுகூட வேண்டாம். தேனில் சில சமயம் இருக்கும் கிருமி விதை கைக்குழந்தைக்கு நரம்பையே முடக்கும் விஷத்தைக் குடலில் உண்டாக்கும், ஆகவே ஒரு வயது வரை தேன் கூடாது. சித்திரை வெயிலில்கூடத் தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். டாக்டர் எழுதிக் கொடுக்கும் சொட்டு மருந்தும் தடுப்பு மருந்தும் மட்டும் இதில் சேராது.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் பால் குறைவாக இருக்கும் தாய்மார்கள் உண்டு. தைராய்டு கோளாறு, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, மார்பில் முன்பு நடந்த அறுவை சிகிச்சை என்று காரணங்கள் இருக்கின்றன. குறைமாதப் பிள்ளைக்குச் சப்பவே தெம்பு இருக்காது. அவர்களை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. முதலில் டாக்டர் காரணத்தைப் பார்க்கட்டும். பீய்ச்சிய பாலை, மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான பாலாடையால் புகட்டலாம். பவுடர் பால்தான் வழி என்று டாக்டர் சொன்னால், டப்பாவில் போட்டிருக்கிற அளவில், கொதித்த தண்ணீரில், புட்டி இல்லாமல் கிண்ணத்தில் கொடுங்கள். நீர்க்கக் கரைத்துச் சிக்கனம் பண்ணினால் பிள்ளை மெலிந்துபோகும். கைக்குழந்தைப் பவுடருக்கும் பால் புட்டிக்கும் விளம்பரம் செய்வதை, இலவசமாக மாதிரி டப்பா கொடுப்பதை 1992-லேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். யாராவது இலவச டப்பாவைக் கையில் திணித்தால் வாங்காதீர்கள்.

தம்பிகளே, உங்களால் பால் கொடுக்க முடியாது. மற்ற எல்லாம் முடியும். ராத்திரிப் பால் முக்கியம், ஏனென்றால் புரோலாக்டின் இரவில்தான் கூடுதலாகச் சுரக்கிறது. பிள்ளையைத் தூக்கிக் கொடுத்து, குடித்தபின் வாங்கித் தோளில் போட்டு ஏப்பம் விட வைத்து, துணி மாற்றி, மல்லாக்கப் படுக்க வையுங்கள். குப்புறப் படுக்க வைத்துத் தூங்கவிடாதீர்கள். பார்க்க வருகிறவர்கள் கூட்டத்தை வாசலில் சமாளிப்பதும் உங்கள் வேலைதான். மனைவி காரணமில்லாமல் அழுகிறாள், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்கிறாள், இரண்டு வாரமாகியும் அது மாறவில்லை என்றால், திமிர் என்று நினைக்காதீர்கள். அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. மருந்தும் ஆலோசனையும் கொடுத்தால் குணமாகும்.

குழந்தை பால் குடிக்க மறுத்து எழுப்பினாலும் சோர்ந்து கிடந்தால், பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் படர்ந்தால், உடம்பு சுட்டாலோ சில்லிட்டாலோ, நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினால் காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆறு மாதம் முடிந்ததும் நிலைமை தலைகீழ். அப்போது பால் மட்டும் போதாது, இரும்புச்சத்து குறைய ஆரம்பிக்கும். கேழ்வரகுக் கூழ், மசித்த பருப்பு சாதத்தில் கொஞ்சம் நெய், அங்கன்வாடி மாவு, முட்டை எல்லாம் தொடங்கலாம். கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத பதத்தில் இருக்கட்டும், ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் வேண்டாம். தாய்ப்பாலை இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தொடருங்கள். செல்போனைக் காட்டி ஊட்டும் பழக்கத்தை மட்டும் முதல் நாளே உள்ளே விடாதீர்கள். அதை விரிவாகப் பேச இன்னொரு நாள் வேண்டும்.

மேடைக்குப் பக்கத்தில் துணிப் பொம்மை வைத்திருக்கிறோம். சாப்பாடு பரிமாறுவதற்குள் உங்கள் ஊர் நர்ஸ் பிடிக்கும் முறையைச் செய்து காட்டுவார். ஏழாம் மாதத்துக்காரர்கள் முதலில் வாருங்கள், மாமியார்களும் கூடவே வந்து ஒரு தடவை பிடித்துப் பாருங்கள். கேள்வி இருக்கிறவர்கள் அங்கேயே என்னிடம் கேட்கலாம்.