ஒரே மூச்சில் படிப்பதும் பிரித்துப் படிப்பதும்

(தண்டையார்பேட்டை இரவுப் பாடசாலை ஒன்றின் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பிற்குரிய பெற்றோர்களே, மாலைதோறும் ஊதியமின்றி வந்து பாடம் சொல்லித்தரும் கல்லூரி மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தேர்வு நெருங்கியதும் பிள்ளையை மூன்று மணி நேரம் ஒரே மூச்சாக உட்கார வைத்துப் படிக்கச் சொல்வது நம் வழக்கம். அதே மூன்று மணி நேரத்தைப் பல நாட்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் படித்தது நெடுநாள் நிற்கும் என்பதைச் சொல்லவே வந்திருக்கிறேன். ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து பார்த்து, ஒரே நாளில் 68 முறை திருப்பிச் சொல்லிப் பெற்ற பலனை மூன்று நாட்களுக்குப் பரப்பி 38 முறை சொல்லியே பெற முடிந்ததென 1885-ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார்.

1978-இல் ஆலன் பேட்லியும் லாங்மேனும் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. பிரிட்டன் அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்பித்தபோது, நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பயின்றவர்கள், நான்கு மணி நேரம் பயின்றவர்களைவிட மொத்தத்தில் குறைந்த மணி நேரத்திலேயே விசைப்பலகையைக் கற்றுக்கொண்டார்கள். நாட்கள் என்னவோ கூடுதலாகத்தான் பிடித்தன. வண்ணாரப்பேட்டைப் பக்கம் லோயர், ஹையர் பரீட்சைக்குப் போனவர்கள் இதற்கு வியக்க மாட்டார்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் நாளுக்கு ஒரு மணி நேரம்தானே! (இயந்திரம் குறைவு, ஆள் அதிகம் என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.)

ஆனால், அந்த ஆய்வில் தங்கள் பயிற்சி முறைமீது திருப்தி மிகக் குறைவாக இருந்ததும் இந்த ஒரு மணி நேரக் குழுவினருக்குத்தான். ஒரே இரவில் பத்துக் கணக்குப் போட்டால் பத்தாவது தானாக வருகிறது. பிள்ளைக்கும் மகிழ்ச்சி, பார்க்கும் நமக்கும் நிறைவு. ஒரு வாரம் கழித்து அதே கணக்கைக் கொடுத்தால் பிள்ளை தடுமாறுகிறது, "போன வாரம் போட்டதுதானே?" என்று நாம் அதட்டுகிறோம். பாதி மறந்ததைத் தேடி எடுக்கும் அந்த உழைப்புதான் நினைவைக் கெட்டிப்படுத்துகிறது என்பதால், தடுமாறும் பிள்ளையிடம் பொறுமை காட்டுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள்.

அடுத்து, நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். ஹவுசிங் போர்டு குடியிருப்பின் ஓரறை வீட்டில், ஒரு பக்கம் டிவியும் மறுபக்கம் அழுகிற தம்பியுமாக இருக்கையில், மூன்று மணி நேர அமைதிக்கு எங்கே போவது? இருபது நிமிடம் எப்படியும் கிடைக்கும். வசதியில்லாத வீட்டுக்கும் பொருந்துகிற முறை என்பதாலேயே இதை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பாடத்தை முதன்முறை புரிய வைக்கும்போது அவசரப்பட்டுத் துண்டு போடக் கூடாது, புரிந்ததைத் திருப்புவதற்கே இந்த இடைவெளி.

பாடம் நடத்தும் தம்பி தங்கைகளே, பத்தாம் வகுப்புக்கு இயற்கணிதம் நடத்தும் நாளில், வீட்டுப்பாடத்தின் முதல் இரண்டு கணக்குகள் முன்பே முடித்த கூட்டுத்தொடர் வரிசையிலிருந்து வரட்டும். ஒவ்வொரு பாடம் முடிந்ததும், அதை அடுத்து எப்போது திருப்ப வேண்டும் என்ற தேதியை நோட்டின் ஓரத்தில் எழுதி வையுங்கள். பொதுத்தேர்வு எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, அந்த இடைவெளியும் அவ்வளவு நீளலாம்.