தேனும் மீனும் கொண்டுவந்தவர்

(எங்கள் ஊர்க் கம்பன் விழாவில் பேசியது. மேடையில் அவசரத்தில் விட்டதைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய புலவர் ஐயா அவர்களே, மூன்று வருஷமாகக் காசு வாங்காமல் ஒலிபெருக்கி கட்டும் தம்பி அவர்களே, கடைசி பஸ் போய்விடுமோ என்று வாசலைப் பார்த்தபடி இருக்கும் தாய்மார்களே, வணக்கம். எனக்கு இருபது நிமிடம். வணக்கம் சொன்னதிலேயே நாலு போய்விட்டது. ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள். அளந்தே பேசுகிறேன்.

நண்பன் என்றால் நம் பேச்சாளர்கள் நேரே கர்ணனிடம் போவார்கள். எனக்கு அதில் ஒரு சங்கடம். கர்ணன் அங்க நாட்டை வாங்கிக்கொண்டு நன்றிக்காக நின்றவன். குகன் எதையும் வாங்கவில்லை. ஆயிரம் அம்பிக்கு, அதாவது ஓடங்களுக்கு நாயகன், நாடிழந்து வந்த இராமனுக்குக் கொடுக்க வந்தான். நம் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கும் என் நண்பரைக் குகன் என்று சொல்ல மூன்று காரணம் வைத்திருக்கிறேன்: அவர் கொண்டுவந்தது, கரை கடத்தியது, பரதனைப் போன்ற நல்லவர்களையும் முதலில் சந்தேகப்படுவது.

முதல் காரணம். எங்கள் வீடு சைவம். 1987-இல் டைபாய்டு வந்து நான் துரும்பாகக் கிடந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா திண்ணையில் விளக்குத் துலக்கிக்கொண்டிருக்கிறார். இவர் சைக்கிளில் வந்து இறங்குகிறார். கையில் தூக்குவாளி, வாயில் வாழையிலை போட்டுக் கட்டியிருக்கிறது.

“என்னப்பா தூக்குல?”

“மருந்து அத்தை.”

அம்மா இலையை நீக்கினார். அயிரை மீன் குழம்பு! உப்புப் போட்டு உரசிக் கழுவி, மண்சட்டியில் வைத்தது. வாசனை பூஜை அறை வரை போய்விட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: “இவ்வளவு தூரம் சிந்தாம எப்படிடா கொண்டு வந்தே?”

“ஒரு கையில ஹேண்டில்பார், ஒரு கையில தூக்கு அத்தை.”

குகன் தேனும் மீனும் கொண்டுவந்து நீட்டியபோது, இராமன் பக்கத்திலிருந்த முதிய முனிவர்களைப் பார்த்து ஒரு புன்னகை செய்தான் என்கிறான் கம்பன். அந்தப் புன்னகையை நான் அன்று எங்கள் திண்ணையில் பார்த்தேன். வெறும் தூக்கை அனுப்பக் கூடாது என்று சர்க்கரைப் பொங்கல் போட்டுக் கொடுத்தார் அம்மா. நான் குழம்பைச் சாப்பிட்டேனா என்கிறீர்களா? ‘நாமும் உண்டனெம் அன்றோ’ என்று இராமன் சொன்னதையே நானும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது, கரை கடத்தியது. குகனுக்கு ஆயிரம் ஓடம், இவருக்குக் கேரியர் வைத்த ஒரு சைக்கிள். கிளை நூலகத்தில் புத்தகம் எடுத்து, நடக்க முடியாதவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, திரும்ப வாங்கியும் வருகிறார். இப்போது அந்த நூலகமே காலையில் மட்டும்தான் திறந்திருக்கிறது. மழைக்கு வரலாற்று அலமாரிமேல் தார்ப்பாய் போட்டிருக்கிறார்கள். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் போன்றவர்கள் பாடுபட்டு, 1948-இல் சென்னை மாகாணத்துக்குப் பொது நூலகச் சட்டம் வந்தது. உங்கள் வீட்டுச் சொத்து வரி ரசீதைப் பாருங்கள். ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. நாம் அளந்துதான் போடுகிறோம். ஆற்றில் போட்டோமா, நூலகத்தில் போட்டோமா என்று கேட்கக் கூடாதா? தலைவர் அம்மா தலையாட்டுகிறார்கள், நன்றி. கூரை, மாலை நேரம், இந்த இரண்டும்தான் நாங்கள் கேட்பது.

பரதன் கதை... புலவர் ஐயா கடிகாரத்தைக் காட்டுகிறார். சரி, அடுத்த வருஷம்.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் மேசைமேல் மனு இருக்கிறது. பேனாவை நூல் போட்டுக் கட்டியிருக்கிறோம், போன தடவை ஆறு பேனா போய்விட்டது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். மீன் குழம்பைப் பற்றி அவரிடம் கேட்காதீர்கள், வெட்கப்படுவார். வணக்கம்.